தடுப்பூசி அட்டவணை டாக்டர்களுக்கே சரியாகத் தெரியாதா?

நீங்கள் கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால், உங்கள் குழந்தையின் அட்டையைப் பார்த்து ஒரு டாக்டர் ஒரு தேதியும் இன்னொருவர் வேறு தேதியும் சொல்லியிருப்பார்கள் போல. நான் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். "நர்ஸ் டாக்டருக்குப் பாடம் எடுக்கிறாள்" என்று கருத்துப் போட வருகிறவர்கள் முழுசாகப் படித்துவிட்டு வாருங்கள்.

என் அக்கா மகளின் குழந்தைக்கு ஒன்றரை மாதத்தில் பென்டா (ஐந்து நோய்களுக்கு ஒரே ஊசி, மூன்று தவணை) முதல் ஊசி போட்டாயிற்று. அப்புறம் சளி, காய்ச்சல், அம்மா வீடு, மாமியார் வீடு என்று அலைந்ததில் அடுத்தது விட்டுப்போய், குழந்தைக்கு ஏழு மாதமாகிவிட்டது. டவுனில் ஒரு கிளினிக்குக்குக் கூட்டிப்போனோம். "கேப் ரொம்ப ஆயிடுச்சு, முதல்ல இருந்து ஆரம்பிக்கணும்" என்றார் டாக்டர். துணைக்குப் போன எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "சார், விட்ட இடத்திலிருந்து போட்டால் போதும், நாலு வாரம் கழித்து மூன்றாவது" என்றேன். "நீங்க யாரும்மா?" என்றார். சொன்னேன். போனில் எதையோ பார்த்தார், ஒன்றும் பேசாமல் அட்டையில் பென்டா 2 என்று எழுதினார். ஃபீஸ் மட்டும் குறையவில்லை.

அவர் மோசமான டாக்டர் இல்லை. அதே குழந்தைக்கு மூச்சிரைப்பு வந்தபோது நன்றாகத்தான் பார்த்தார். ஆனால் அட்டவணை அடிக்கடி மாறும். தமிழ்நாட்டில் பென்டா வந்தது 2011 டிசம்பரில். போலியோ ஊசியில் ஒன்பதாவது மாதத்து மூன்றாவது டோஸ் 2023ல் சேர்ந்தது. எங்களுக்குப் புதன்கிழமை தவறாமல் இதே வேலை என்பதால் காசநோய்க்கான பி.சி.ஜி. என்றால் இடது கை, பென்டா என்றால் இடது தொடை என்று கை தானாகப் போகும். டாக்டருக்கு நாளெல்லாம் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும்.

போதாததற்கு அட்டவணையே இரண்டு. அரசு அட்டவணை ஒன்று, தனியார் டாக்டர்கள் பார்க்கும் குழந்தை மருத்துவர்கள் சங்கத்துடையது இன்னொன்று. ஒன்பதாவது மாதத்தில் அரசில் எம்.ஆர். (தட்டம்மை, ரூபெல்லா), தனியாரில் எம்.எம்.ஆர். (அவற்றோடு பொன்னுக்கு வீங்கியும்). நிமோனியா தடுப்பூசி அரசில் 6, 14 வாரங்களில் போட்டு ஒன்பதாவது மாதத்தில் பூஸ்டர். தனியாரில் 6, 10, 14 வாரங்கள், பூஸ்டர் ஒரு வயதுக்குப் பிறகு. ஆகவே உங்களிடம் வேறு வேறு தேதி சொன்ன இருவருமே சரியாகச் சொல்லியிருக்கலாம். ஆனால் தாமதமானதற்காக முதலிலிருந்து தொடங்கு என்பதும், தழும்பு வரவில்லை என்று பி.சி.ஜி.யைத் திரும்பப் போடு என்பதும் இரண்டிலுமே கிடையாது.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் சொல்கிறேன். 2017 பிப்ரவரியில் ரூபெல்லா ஊசி போடப் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போனோம். வாட்ஸ்அப் வதந்தியை நம்பிய பெற்றோர் வாசலிலேயே எங்களோடு சண்டைக்கு நின்றார்கள். அன்றைக்கு எங்கள் ஊர்ப் பெரிய டாக்டர்களில் ஒருவர் வந்து "இது நல்ல ஊசிதான், போடுங்கள்" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டு முழுக்க எங்களுக்கு. இப்போது அட்டையில் சந்தேகம் வந்தால் மட்டும் "நர்ஸம்மாவைக் கேளு".

சரி, அது கிடக்கட்டும். குழந்தைக்கு என்ன வயது, எந்த ஊசி விட்டுப்போனது என்று எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.