இரும்புச் சாவி கொடுத்தால் வலிப்பு நிற்குமா?

கேள்வி: என் மகளுக்கு வயது 16. பத்து மாதத்துக்கு முன் பள்ளியில் காலை பிரேயரில் வலிப்பு வந்து விழுந்தாள். யாரோ சாவிக்கொத்தைக் கையில் கொடுத்ததும் நின்றதாம். அப்புறம் வீட்டில் வந்தபோதும் சாவி கொடுத்துத்தான் நின்றது, நானே பார்த்தேன். தலையணைக்கு அடியில் எப்போதும் இரும்பு இருக்கட்டும் என்கிறார் மாமியார். மாத்திரை ஆரம்பித்து எட்டு மாதமாக வலிப்பு இல்லை. நிறுத்திவிடலாமா? இவள் கல்யாணத்தை நினைத்தால் தூக்கம் வருவதில்லை.
- விழுப்புரம் மாவட்ட வாசகி

பதில்: நீங்கள் பார்த்தது பொய்யில்லை அம்மா. சாவி கொடுத்தீர்கள், நின்றது. கொடுக்காமல் இருந்திருந்தாலும் அதே நேரத்தில் நின்றிருக்கும். மூளையின் நரம்பணுக்கள் கட்டுப்பாடு இழந்து ஒரே சமயத்தில் மின்னோட்டத்தைப் பாய்ச்சுவதுதான் வலிப்பு. பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று நிமிடத்துக்குள் அது தானாகவே அடங்கிவிடும். பிள்ளை விழுந்ததும் அலறுகிறோம், கூட்டம் கூடுகிறது, ஒருவர் ‘இரும்பு, இரும்பு’ என்று கத்துகிறார், இன்னொருவர் வண்டிச் சாவியைத் தேடி ஓடுகிறார். சாவி வந்து சேரும்போது வலிப்பு அடங்கும் நேரமும் வந்துவிடுகிறது. பெயர் சாவிக்குப் போகிறது.

வைத்தால் என்ன நஷ்டம் என்பீர்கள். இரவுப் பணியில் ஒரு இளைஞரைத் தூக்கி வந்தார்கள். வலிப்பு நின்று வெகுநேரமாகியும் உள்ளங்கையிலிருந்து ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. விறைத்து மூடிய கைக்குள் சாவிக்கொத்தைத் திணித்ததில் சாவியின் பற்கள் சதையைக் கிழித்திருந்தன. வாயில் கரண்டியை நுழைப்பது இதைவிட ஆபத்து. நாக்கை யாராலும் விழுங்க முடியாது. கடிபட்ட நாக்கு சில நாளில் ஆறிவிடும். உடைந்த பல் மூச்சுக்குழாய்க்குள் போனால் உயிருக்கே ஆபத்து.

இனி வலிப்பு வந்தால் முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். அடுப்பு, கல், கூர்மையான பொருள் எதுவும் பக்கத்தில் இருக்க வேண்டாம். துப்பட்டாவை மடித்துத் தலைக்கு அடியில் வையுங்கள். கை காலை அழுத்திப் பிடிக்காதீர்கள். உதறல் குறைந்ததும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், எச்சில் வெளியே வழிந்துவிடும். முழு நினைவு திரும்பும்வரை தண்ணீர், சோடா எதுவும் கூடாது. ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலோ, நினைவு திரும்பாமல் அடுத்த வலிப்பு வந்தாலோ உடனே 108. உடன் யாராவது இருந்தால் செல்போனில் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். எங்களுக்கு அது பெரிய உதவி.

சரி, மாத்திரை. தயவுசெய்து நிறுத்தாதீர்கள். எட்டு மாதமாக வலிப்பு வராததே மாத்திரையால்தான். திடீரென்று நிறுத்தினால் நிற்காமல் தொடரும் வலிப்பு வரக்கூடும். பொதுவாக இரண்டு வருடமாவது வலிப்பே இல்லாமல் இருந்தால்தான் நிறுத்துவதைப் பற்றி யோசிப்போம், அதுவும் பல மாதங்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து.

ஒரு விஷயத்தைக் கவனித்துச் சொல்லுங்கள். காலையில் எழுந்த கொஞ்ச நேரத்தில் மகளின் கை சட்டென்று துள்ளி, டம்ளரோ டூத் பிரஷ்ஷோ தெறித்து விழுகிறதா? இந்த வயதில் ஆரம்பிக்கும் ஒரு வகை வலிப்பு அப்படித்தான் இருக்கும். பரீட்சைக்குக் கண்விழித்தால் மறுநாள் காலையில் வரும். மாத்திரையை நிறுத்தினால் பலருக்குத் திரும்ப வந்துவிடும் வகை அது. பெண் பிள்ளை என்பதால் இன்னொன்றையும் உங்கள் நரம்பியல் மருத்துவரிடம் கேளுங்கள்: கொடுப்பது வால்ப்ரோயேட் மருந்தா? பின்னாளில் கர்ப்பமானால் அது சிசுவைப் பாதிக்கலாம். ஆம் என்றாலும் நீங்களாக நிறுத்த வேண்டாம். மாற்று மருந்து சரிவருமா என்று அவரே முடிவு செய்வார்.

கல்யாணக் கவலை எனக்குப் புரிகிறது. இந்து திருமணச் சட்டத்திலேயே வலிப்பு ஒரு தடையாக எழுதப்பட்டிருந்த காலம் உண்டு. 1999-இல் அதை நீக்கிவிட்டார்கள். சரியான மருந்து கிடைத்தால் 100 பேரில் 70 பேர் வரை வலிப்பே இல்லாமல் வாழ முடியும். மறைத்துக் கல்யாணம் செய்தால் மாமியார் வீட்டில் மாத்திரையை ஒளித்துப் போட வேண்டியிருக்கும்; வேளை தவறும், வலிப்பு வரும். சொல்லியே செய்யுங்கள்.

இப்போதைக்கு மகள் குளிக்கும்போது தாழ்ப்பாள் போட வேண்டாம், கிணற்றுப் பக்கம் தனியாக அனுப்ப வேண்டாம். வலிப்பு வந்தால் செய்ய வேண்டியதை ஒரு தாளில் எழுதி நாளைக்கே வகுப்பு ஆசிரியையிடம் கொடுங்கள். ‘வாயில் எதையும் வைக்காதீர்கள்’ என்பதை முதல் வரியாக எழுதுங்கள்.