‘தேளி விரால்’ என்று வாங்கிய குஞ்சு: ஏரியில் விடலாமா?

கேள்வி: 10 சென்ட் பண்ணைக்குட்டையில் கட்லா, ரோகு விட்டிருந்தேன். ‘தேளி விரால், சாகவே சாகாது’ என்று சொல்லி ஒரு வியாபாரி 500 குஞ்சு கொடுத்தார். ஐந்தே மாதத்தில் ஒவ்வொன்றும் ஒரு கிலோவைத் தொட்டுவிட்டது. கெண்டை ஒன்றையும் காணோம். கோழிக்கழிவு போட்டு வளர்க்கச் சொல்கிறார், எனக்கு மனசில்லை. ஊர் ஏரியில் விட்டுவிடலாமா?
– விவசாயி, தருமபுரி மாவட்டம்

பதில்: ஏரியில் மட்டும் விட்டுவிடாதீர்கள். செதில் இல்லை, தலை தட்டை, நான்கு ஜோடி மீசை, முதுகுத்துடுப்பு தலைக்குப் பின்னால் தொடங்கி வால்வரை ஓடுகிறது என்றால் அது விராலும் இல்லை, தேளியும் இல்லை. விராலுக்குச் செதில் உண்டு, மீசை கிடையாது. தேளிக்கு முதுகுத்துடுப்பு சின்னதாக ஒரு கொடிபோல இருக்கும். நாட்டு மாகூர் என்ற நம்மூர்க் கெளுத்தி பார்வைக்கு இதே சாயல்தான். ஆனால் அது ஐந்து மாதத்தில் ஒரு கிலோ வராது. உங்களிடம் இருப்பது ஆப்பிரிக்கக் கெளுத்தி. மத்திய அரசு 2000-ஆம் ஆண்டிலேயே தடை செய்த மீன். வளர்க்கவும் கூடாது, விற்கவும் கூடாது. உங்கள் கெண்டைகள் எங்கே போயின என்பதற்கும் இதுவே பதில்.

காற்றைச் சுவாசிக்கும் மீன் இது. மழை இரவில் கரையேறி ஊர்ந்து அடுத்த குட்டைக்குப் போய்விடும். ஏரியில் அயிரை, குரவை, தவளை என்று எதையும் விடாது. 2018 கேரள வெள்ளத்தில் பண்ணைகளிலிருந்து தப்பிய அரபைமா போன்ற அயல்மீன்கள் சாலக்குடி ஆற்றில் வலையில் சிக்கின. வெள்ளம் வரும்வரை எல்லோரும் ‘என் குட்டைக்குள்தானே இருக்கிறது’ என்றுதான் இருந்திருப்பார்கள். 1952-இல் பாங்காக்கிலிருந்து வந்த ஜிலேபிக் கெண்டையை இன்று எந்த ஏரியிலிருந்தாவது யாராலாவது எடுக்க முடிகிறதா? அந்த ஜிலேபியாவது ஏழைக்குக் குழம்பு மீனாகப் பயன்பட்டது. இலங்கைக் குளங்களில் உள்நாட்டு மீன்பிடிப்பே அதை நம்பித்தான் வளர்ந்தது. இந்தக் கெளுத்திக்கு அப்படி ஒரு நல்ல பெயரும் இல்லை.

முதலில் மாவட்ட மீன்வளத் துறை உதவி இயக்குநர் அலுவலகத்துக்குத் தகவல் சொல்லுங்கள். ஏமாந்து வாங்கியதை நீங்களே முன்வந்து சொல்வது நல்லது. பிறகு மழை இல்லாத நாளாகப் பார்த்துத் தண்ணீரை இறையுங்கள். மோட்டார் குழாயின் வாயில் கொசுவலை கட்டி, தண்ணீரை உங்கள் வயலுக்கே பாய்ச்சுங்கள், வாய்க்காலில் விடவேண்டாம். ஒரு அடி நிற்கும்போது வலைபோட்டு முடிந்தவரை பிடித்துவிடுங்கள். பக்கத்துடுப்பு முள் குத்தும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். மிச்சத்துக்கு, 30 கிலோ இலுப்பைப் புண்ணாக்கை முந்தின இரவே ஊறவைத்துக் கரைத்து ஊற்றினால் மயங்கி மேலே வரும். அதற்கும் தப்பியது சேற்றுக்குள் புதைந்து கிடக்கும். அதனால் அந்தத் தண்ணீரையும் வற்றவைத்து, அடிமண் வெடிக்கும்வரை காயப்போடவேண்டும். ஈரம் நிற்கும் பள்ளங்களில் சுட்ட சுண்ணாம்பு தூவுங்கள். செத்த மீனைக் குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். 500 மீனையும் புதைப்பது வயிற்றெரிச்சல்தான். வேறு வழி இல்லை.

அடுத்து என்ன விடலாம் என்று கேட்பீர்கள். கட்லா, ரோகு, மிருகாலே போதும். கறாராகச் சொன்னால் ரோகுவும் மிருகாலும்கூடக் காவிரிக்காரர்கள் இல்லை, வடக்கே கங்கைப் பக்கத்திலிருந்து கொண்டுவந்து விட்டவைதான். ஆனால் அவை மற்ற மீனைத் தின்பதில்லை, குட்டையில் தானாகக் குட்டி பெருக்குவதும் இல்லை. புண்ணாக்கின் நஞ்சு முறிய மூன்று வாரம் விட்டு, புதுத்தண்ணீரில் விரலளவுக் குஞ்சு 300 விடுங்கள். வழிந்தோடும் வாயில் கம்பிவலை அடியுங்கள். வாங்கும்போது வெள்ளை பேசினில் கொஞ்சம் ஊற்றச் சொல்லிப் பாருங்கள். கெண்டைக் குஞ்சு வெள்ளியாக மின்னும். தட்டைத்தலையும் மீசையுமாக ஒன்றே ஒன்று நெளிந்தாலும் பையைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.