நீண்ட ஆங்கிலச் சொற்களைப் பிரித்தறிதல்: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, 'இன்டர்நேஷனலைசேஷன்' போன்ற சொல்லை அசையாகப் பிரிப்பதும் பொருள் நோக்கிப் பிரிப்பதும் ஒன்றுதானா?

பதில்: ஒன்றல்ல. ஒலிக்கும்போது இன்-டர்-நே-ஷ-ன-லை-சே-ஷன் என எட்டு அசைகள் கேட்கின்றன. பொருளை நோக்கினால் இன்டர், நேஷன், அல், ஐஸ், ஏஷன் என ஐந்து உறுப்புகளே உள்ளன. 'லை' என்ற அசையில் லகர மெய் 'அல்' விகுதிக்கும், ஐகாரம் அடுத்துள்ள 'ஐஸ்' விகுதிக்கும் உரியவை. உயிரில் தொடங்கும் விகுதி வரும்போது முன்னுள்ள மெய் அதனோடு சேர்ந்து ஒலிப்பதால், அசையின் எல்லையும் உறுப்பின் எல்லையும் விலகிப்போகின்றன.

கேள்வி: அழுத்தம் எந்த அசையில் விழும் என்பதற்கு விதி உண்டா?

பதில்: எல்லாச் சொற்களுக்கும் பொருந்தும் விதி இல்லை; ஆனால் நீண்ட சொற்களில் பெரும்பாலும் விகுதியே அதைத் தீர்மானிக்கிறது. 'போட்டோகிராஃப்' என்பதில் முதல் அசையிலும், 'போட்டோகிராஃபி' என்பதில் இரண்டாம் அசையிலும், 'போட்டோகிராஃபிக்' என்பதில் மூன்றாம் அசையிலும் அழுத்தம் விழுகிறது. அழுத்தம் நகரும்போது உயிரொலியும் மாறுகிறது என்பதே இங்கு மிக முக்கியமானது: முதற்சொல்லில் தேய்ந்து ஒலிக்கும் இரண்டாம் அசையின் உயிர், அடுத்த சொல்லில் முழுமை பெறுகிறது, முழுமையாக ஒலித்த முதல் அசையோ தேய்ந்துவிடுகிறது. நாம் எல்லா அசைகளையும் ஏறத்தாழச் சம வலிவோடு ஒலித்துப் பழகியவர்கள் என்பதால், எழுத்துகளைச் சரியாகப் படித்தும் கேட்பவருக்குச் சொல் விளங்காமல் போவது இந்த இடத்தில்தான். 'இக்', 'ஷன்', 'இட்டி' ஆகிய விகுதிகள் தமக்கு முந்திய அசைக்கு அழுத்தத்தை இழுக்கின்றன. 'அரபிக்' போன்ற சில சொற்கள் விலக்கு. 'நெஸ்', 'லெஸ்', 'ஃபுல்' ஆகியவை அழுத்தத்தை நகர்த்துவதில்லை.

கேள்வி: நம் யாப்பிலக்கண அசையும் இதுவும் ஒன்றா?

பதில்: இல்லை. நிரையசையில் இரண்டு உயிர்கள் இருக்கும். இங்கே ஓர் அசைக்கு ஓர் உயிரொலியே மையம்.

கேள்வி: வரியின் இறுதியில் சொல்லை உடைக்க எதைப் பின்பற்றுவது?

பதில்: அமெரிக்க அகராதிகள் பெரும்பாலும் ஒலிப்பையும், பிரிட்டிஷ் மரபு சொல்லின் உறுப்புகளையும் முதன்மையாகக் கொள்கின்றன. 'நாலெட்ஜ்' என்ற சொல்லை முன்னவை 'எல்' எழுத்துக்குப் பின்னும், பின்னது அதற்கு முன்னும் உடைப்பது அதனால்தான்.

கேள்வி: அறியாத நீண்ட சொல்லை எங்கிருந்து படிக்கத் தொடங்கலாம்?

பதில்: இறுதியிலிருந்து தொடங்குவதையே நான் பரிந்துரைப்பேன். 'இர்ரெஸ்பான்சிபிலிட்டி' என்பதில் 'இட்டி' விகுதியைக் கண்டவுடனே, அதற்கு முந்திய 'பில்' என்ற அசையில்தான் அழுத்தம் என்பது தெரிந்துவிடும். அதன்பின் அந்த விகுதியையும் 'இர்' என்ற எதிர்மறை முன்னொட்டையும் நீக்கினால், பொருளைத் தாங்கும் 'ரெஸ்பான்சிபிள்' எஞ்சும்.