சுவருக்கு அடிக்கிற சுண்ணாம்பும் மெக்சிகோ ரொட்டியும்

கேள்வி: மெக்சிகோக்காரர்கள் மக்காச்சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்துத்தான் ரொட்டி சுடுகிறார்களாம். சுவருக்கு அடிக்கிற பொருளை வயிற்றுக்குள் போடுவதெல்லாம் ஒரு பாரம்பரிய உணவா? நம் முன்னோர் சோளமும் கம்பும் தின்று நோய்நொடி இல்லாமல் வாழ்ந்தவர்கள். காணொளி பார்த்துவிட்டு என் மகளும் அதைச் செய்தே தீருவேன் என்று நிற்கிறாள். விடலாமா? (ஒரு வாசகர், ஈரோடு)

பதில்: அந்தச் சுண்ணாம்பைத்தான் உங்கள் ஊர்க் கல்யாண வீட்டில் விருந்து முடிந்ததும் வெற்றிலையில் தடவி மெல்லுகிறார்கள். அங்கே வராத சந்தேகம் மெக்சிகோ என்றதும் வந்துவிடுகிறது. சரி, போகட்டும்.

அவர்கள் செய்வது இதுதான். காய்ந்த மக்காச்சோளத்தைத் தண்ணீரில் போட்டு, கிலோவுக்குப் பத்து கிராம் அளவில் சுண்ணாம்பு கலந்து, சிறிது நேரம் கொதிக்க விட்டு இறக்கி, இரவு முழுக்க ஊற வைப்பார்கள். காலையில் தண்ணீர் மஞ்சள் குழம்பாக நிற்கும். அதைக் கொட்டிவிட்டுக் கையால் அலசினால் மணியின் மேல்தோல் வழுவழுவென்று கழன்று வரும். நன்றாகக் கழுவி அரைத்தால் மாவு பிசைய வரும், தட்டிச் சுடலாம். வெறும் மக்காச்சோள மாவில் இது நடக்காது. தட்டும்போதே ஓரம் வெடித்து உதிரும். வடக்கே, இன்றைய அமெரிக்காவில், செரோக்கி, ஹோப்பி பழங்குடி மக்கள் சுண்ணாம்புக்குப் பதில் விறகுச் சாம்பலைப் போட்டார்கள்.

கொலம்பசுக்குப் பிறகு மக்காச்சோளம் கப்பலேறி ஐரோப்பாவுக்குப் போனது. சுண்ணாம்புப் பக்குவம் கூடப் போகவில்லை. விளைச்சல் அதிகம், விலை மலிவு. வட இத்தாலியின் ஏழைக் குடியானவர்களுக்கு அந்தக் கூழே மூன்று வேளையும் சாப்பாடு என்றானது. 1735இல் ஸ்பெயினின் அஸ்தூரியாஸ் பகுதியில் காஸ்பர் காசல் என்ற மருத்துவர் ஒரு புது நோயைக் குறித்து வைத்தார். வெயில் படும் இடமெல்லாம் தோல் தடித்து உரியும், கழுத்தைச் சுற்றி வளையமாகப் படரும். அப்புறம் வயிற்றுப்போக்கு, புத்தித் தடுமாற்றம், சாவு. பெல்லாக்ரா என்று பெயர். கெட்டுப்போன மக்காச்சோளத்தின் விஷம் என்றார்கள் ஒரு சாரார், தொற்றுநோய் என்றார்கள் இன்னொரு சாரார். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென் மாநிலங்களையும் அது பிடித்துக்கொண்டது.

அங்கே 1914இல் அரசு அனுப்பிய மருத்துவர் ஜோசப் கோல்ட்பெர்கர், அநாதை விடுதிகளிலும் மனநல விடுதிகளிலும் ஒன்றைக் கவனித்தார்: உள்ளே இருப்பவர்களுக்கு நோய் வருகிறது, அவர்களைத் தொட்டுப் பராமரிக்கும் ஊழியர்களுக்கு வருவதில்லை. தொற்று என்றால் ஆள் பார்த்தா தொற்றும்? தட்டில் இருப்பதுதான் வேறு. மறுவருடம் மிசிசிப்பி சிறைப் பண்ணையில் பதினோரு கைதிகளுக்கு, விடுதலை தருவதாகச் சொல்லி, பாலும் இறைச்சியும் இல்லாமல் மக்காச்சோளக் கூழ், அரிசி, சர்க்கரைப் பாகு என்று மாதக்கணக்கில் போட்டார்கள். ஆறு பேருக்கு பெல்லாக்ரா வந்தது. (இன்றைக்கு எந்த நெறிக்குழுவும் இதற்குக் கையெழுத்துப் போடாது.) அப்போதும் நம்பாதவர்களுக்காக 1916இல் அவர் நோயாளிகளின் ரத்தத்தைத் தன் உடலில் ஊசி வழியே ஏற்றிக்கொண்டார். அவர்களின் தோல் செதிலையும் மலத்தையும் மாவில் உருட்டி விழுங்கினார். அவர் மனைவி மேரியும் ரத்த ஊசி போட்டுக்கொண்டார். யாருக்கும் நோய் வரவில்லை.

நோயாளிகளின் உடலில் குறைந்துபோனது நியாசின் என்ற வைட்டமின் என்று 1937இல், கோல்ட்பெர்கர் இறந்து எட்டு வருடம் கழித்துத்தான் தெளிவானது. மக்காச்சோளத்தில் அது இல்லாமலில்லை. நம் குடலால் பிரித்தெடுக்க முடியாதபடி கட்டுண்டு கிடக்கிறது. சுண்ணாம்பு நீர் அந்தக் கட்டை அவிழ்க்கிறது. மெக்சிகோவில் கூடவே பயறும் தின்றதால் மிச்சக் குறையும் சரியானது.

உடனே, "பார்த்தீர்களா, முன்னோருக்கு வைட்டமின் தெரிந்திருக்கிறது" என்று குறுஞ்செய்தி அனுப்பக் கிளம்பாதீர்கள். தெரியாது. தோல் உரிந்தது, அரைக்கச் சுலபமாக இருந்தது, மாவு ஒட்டியது, ருசியும் வந்தது. அதனால் செய்தார்கள், விடாமல் செய்தார்கள்.

நம் சோளப் பெருமைக்கும் வருகிறேன். சேலத்தில் பிறந்த ஊட்டச்சத்து அறிஞர் சி. கோபாலன், ஹைதராபாத்தில் சக ஆய்வாளர் ஸ்ரீகாந்தியாவுடன் சேர்ந்து 1960இல் எழுதிய ஆய்வு எதைப் பற்றி என்று நினைக்கிறீர்கள்? தக்காணத்தில் சோளத்தையே நம்பிப் பிழைத்த ஏழைகளுக்கு வந்த பெல்லாக்ராவைப் பற்றி. மக்காச்சோளம் அல்ல, நீங்கள் சொல்லும் அதே சோளம். அதில் லூசின் என்ற அமினோ அமிலம் (புரதத்தின் ஒரு கூறு) அதிகமாக இருப்பதுதான் காரணமா என்று வெகுகாலம் வாதம் நடந்தது. எந்தத் தானியமானாலும் பருப்பு, பால், கீரை எதுவும் சேராமல் அதை மட்டுமே தின்றால் கதை இதுதான். நோய்நொடி இல்லாமல் வாழ்ந்த முன்னோர் என்று நீங்கள் சொல்கிறவர்களில் பாதிப்பேரை யாரும் கணக்கெடுக்கவில்லை.

உங்கள் மகளை விடலாமா என்பதில் எனக்குக் குழப்பம் இல்லை. வெள்ளையடிக்கும் சுண்ணாம்பு வேண்டாம். உணவுக்கென்று விற்கும் சுத்தமானது வாங்கிக் கொடுங்கள். கோழித்தீவன மக்காச்சோளத்தில் பூஞ்சை இருக்கலாம், அதுவும் வேண்டாம். அவித்துத் தின்னும் இளசான ஸ்வீட் கார்ன் இதற்கு ஆகாது. அலுமினியப் பாத்திரத்தைச் சுண்ணாம்பு அரித்துவிடும், எவர்சில்வர் எடுக்கச் சொல்லுங்கள். முதல் ரொட்டி எப்படியும் கோணலாகத்தான் வரும், வாயை மூடிக்கொண்டு சாப்பிடுங்கள்.