டாக்டரிடம் கேளுங்கள்: முகாமுக்கு வராத பெண்கள்

கேள்வி: நான் ஒரு தொண்டு அமைப்பில் பணிபுரிகிறேன். கிராமப்புறங்களில் பாலியல் தொழில் செய்யும் பெண்களுக்காக மாதந்தோறும் மருத்துவ முகாம் நடத்தி, ஆணுறைகளையும் இலவசமாக வழங்குகிறோம். ஆனால் வருபவர்கள் மிகக் குறைவு. அவர்களுக்குத் தம் உடல்நலத்தில் அக்கறை இல்லையா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அக்கறையில்லை என்று அவசரப்பட்டு முடிவு கட்டிவிடாதீர்கள். பெருநகரங்களில் இத்தொழில் சில தெருக்களிலாவது கூடியிருக்கும். கிராமத்திலோ, ஊராருக்குக் கூலி வேலைக்குப் போகிறவராக மட்டுமே தெரிந்த ஒரு பெண், கைப்பேசியில் அழைப்பு வந்தால் வெளியூர் சென்று திரும்புவார். வீட்டாருக்கே அது தெரியாமல் இருக்கலாம். அப்படிப்பட்டவர், பால்வினை நோய் முகாம் என்று பதாகை கட்டிய பந்தலுக்குள் ஊர் பார்க்க எப்படி நுழைவார்? நீங்கள் தரும் ஆணுறைப் பெட்டியை வீட்டில் எங்கே வைப்பார்?

1992-இல் கொல்கத்தாவில் பாலியல் தொழில் நடக்கும் பகுதியான சோனாகாச்சியில் டாக்டர் ஸ்மரஜித் ஜானா தொடங்கிய திட்டத்தில், பாலியல் தொழிலாளர்களே பயிற்சி பெற்றுத் தம் தோழியரிடம் நோய்த்தடுப்பைப் பற்றிப் பேசினார்கள். 1995-இல் அவர்கள் சேமிக்கவும் கடன் பெறவும் தமக்கென ஒரு கூட்டுறவு சங்கத்தையும் அமைத்தார்கள். சுகாதாரத் திட்டத்தில் சேமிப்புக்கும் கடனுக்கும் என்ன வேலை என்று கேட்பவர்கள் உண்டு. வட்டிக்காரர் வாசலில் நிற்கும்போது, ஆணுறை அணிய மறுக்கும் வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்பும் துணிவு யாருக்கும் எளிதில் வராது என்பதே என் பதில்.

உங்கள் பகுதியில் முதலில் நம்பிக்கைக்குரிய இரண்டு மூன்று பெண்களைக் கண்டறிந்து, அவர்களுக்குப் பயிற்சியும் உரிய ஊதியமும் கொடுங்கள். அவர்கள் வழியாகவே மற்றவர்கள் வருவார்கள். ஆணுறைகள் அவர்களிடம் இருக்கட்டும். தேவைப்படுபவர் தேவைப்படும்போது நான்கைந்தாக வாங்கிக்கொள்ளலாம். முகாமைப் பெண்களுக்கான பொது மருத்துவ முகாமாக மாற்றி, ரத்த அழுத்தம், ரத்தசோகை, கருப்பைவாய்ப் பரிசோதனை எல்லாவற்றையும் ஒரே வரிசையில் செய்தால், யார் எதற்காக வந்தார் என்று எவருக்கும் தெரியாது. கிளமிடியா, கொனோரியா போன்ற பால்வினைத் தொற்றுகள் பெண்களிடம் பெரும்பாலும் அறிகுறி காட்டுவதில்லை. சிபிலிஸும் நெடுங்காலம் மறைந்திருக்கக் கூடியது. எனவே தொந்தரவு வந்தால் வரச் சொல்வது போதாது. குறிப்பிட்ட இடைவெளியில் பரிசோதனைக்கு உடன் அழைத்துச் செல்ல ஆள் வேண்டும்.

கேள்வி: உறவின்போது ஆணுறை கிழிந்துவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்று அப்பெண்கள் கேட்கிறார்கள். என்ன சொல்லலாம்?
– அதே வாசகி

பதில்: உள்ளே பீய்ச்சிக் கழுவ வேண்டாம், அது பாதுகாப்புத் தராது. எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை இயன்ற அளவு விரைவாக, 72 மணி நேரம் கடப்பதற்குள் தொடங்கி, 28 நாட்கள் விடாமல் உட்கொள்ள வேண்டும். அவசரக் கருத்தடை மாத்திரையை ஐந்து நாட்களுக்குள் சாப்பிடலாம் என்றாலும், தாமதிக்கத் தாமதிக்கப் பலன் குறையும். எண்ணெய் தடவினால் லேட்டக்ஸ் ஆணுறை எளிதில் கிழியும் என்பதையும், நீர் சார்ந்த வழவழப்புப் பொருளையே பயன்படுத்த வேண்டும் என்பதையும் சொல்லி வையுங்கள்.