முதலிடமும் 180ஆம் இடமும்

கேள்வி: உயர்கல்வி நிறுவனங்களுக்கான 2025ஆம் ஆண்டின் தேசியத் தரவரிசையில் சென்னை ஐ.ஐ.டி. முதலிடத்தில் இருக்கிறது. அதே ஆண்டில் பிரிட்டனின் கியூ.எஸ். நிறுவனம் வெளியிட்ட உலகப் பல்கலைக்கழகப் பட்டியலிலோ அது 180ஆம் இடத்தில் நிற்க, தில்லி, மும்பை ஐ.ஐ.டி.கள் 123, 129ஆம் இடங்களைப் பிடித்திருக்கின்றன. இவற்றுள் எதை நம்புவது?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: இரண்டு பட்டியல்களும் அளப்பது ஒன்றையே அல்ல என்பதால், ஒன்றை நம்பினால் மற்றது பொய்யாகிவிடும் என்று கொள்ள வேண்டியதில்லை. மத்தியக் கல்வி அமைச்சகம் 2016 முதல் வெளியிட்டுவரும் தேசியத் தரவரிசை, கற்பித்தலுக்கும் அதற்கான வளங்களுக்கும் 30 விழுக்காடு, ஆராய்ச்சிக்கு 30, பட்டம் பெற்று வெளியேறுவோரின் நிலைக்கு 20, பெண்களுக்கும் பிற மாநிலத்தவருக்கும் பின்தங்கியோருக்கும் இடமளிப்பதற்கு 10 என்று பங்கிடுகிறது. நற்பெயருக்குக் கிடைப்பது எஞ்சிய 10 மட்டுமே. கியூ.எஸ். நிறுவனமோ உலகெங்கும் உள்ள பேராசிரியர்களின் கருத்துக்கு 30 விழுக்காடும், வேலை தருவோரின் கருத்துக்கு 15 விழுக்காடும் வழங்குகிறது. ஏறக்குறைய பாதி மதிப்பெண் நற்பெயரைக் கொண்டே வருகிறது. வெளிநாட்டு ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் தலா 5 உண்டு. அந்தப் பத்தில் நம் ஐ.ஐ.டி.கள் அனைத்தும் கிட்டத்தட்ட வெறுங்கையோடுதான் திரும்புகின்றன.

பேராசிரியர் கருத்துக்கான அந்த 30, சில ஆண்டுகளுக்கு முன்புவரை 40ஆக இருந்தது. அதை யாரும் தேர்தல் நடத்தி மாற்றவில்லை. பட்டியல் போடுபவர்களே மாற்றினார்கள். 2003இல் ஷாங்காயிலிருந்து வெளிவரத் தொடங்கிய பட்டியல், நோபல் பரிசுக்கும் கணிதத்துக்கான ஃபீல்ட்ஸ் பதக்கத்துக்கும் மட்டுமே 30 விழுக்காடு தருகிறது. முன்பொரு காலத்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் படித்துச் சென்றவர் பெற்ற பரிசு, இந்த ஆண்டு அங்கே முதலாண்டில் சேரும் பிள்ளைக்கு எந்த வகையில் உதவும் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

இதைவிடக் கவலைக்குரியது, பல பட்டியல்களுக்கு வேண்டிய புள்ளிவிவரங்களைப் பல்கலைக்கழகங்களே அளிக்கின்றன என்பதுதான். அமெரிக்காவின் யு.எஸ். நியூஸ் இதழ் 1988இல் வெளியிட்ட பட்டியலில் 18ஆம் இடத்தில் இருந்த கொலம்பியா பல்கலைக்கழகம், 2021இல் இரண்டாம் இடத்துக்கு ஏறியிருந்தது. அங்கேயே கணிதம் கற்பிக்கும் மைக்கேல் தாடியஸ், 2022 தொடக்கத்தில் தம் பல்கலைக்கழகம் கொடுத்த கணக்குகளைச் சரிபார்த்தார். இருபதுக்கும் குறைவான மாணவர்கள் அமரும் வகுப்புகள் 82.5 விழுக்காடு என்று அது எழுதிக் கொடுத்திருக்க, அவர் கணக்கில் அது 67 விழுக்காட்டைக்கூடத் தொடவில்லை. பின்னர் பல்கலைக்கழகமே தவறை ஒப்புக்கொண்டு, 57.1 விழுக்காடு என்று திருத்தியது. அந்த ஆண்டுப் பட்டியலில் கொலம்பியா மீண்டும் 18ஆம் இடத்துக்கு வந்து சேர்ந்தது. இடைப்பட்ட ஓராண்டில் அதன் ஆசிரியர்களோ நூலகமோ வகுப்பறைகளோ பதினாறு படிகள் இறங்கிவிடவில்லை.

ஆகவே, பட்டியலின் முதல் எண்ணைவிட அதன் உட்பகுதியைப் பாருங்கள். தேசியத் தரவரிசைக்குக் கல்வி நிறுவனங்கள் அளித்த விவரங்கள் அதன் இணையதளத்திலேயே கிடைக்கின்றன. ஒரு கல்லூரியில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், உரிய காலத்தில் எத்தனை பேர் முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, அவர்களின் இடைநிலைச் சம்பளம் (பாதிப் பேர் அதற்கு மேலும் பாதிப் பேர் அதற்குக் கீழும் வாங்கும் தொகை) எவ்வளவு என்பவற்றை அங்கே காணலாம். அவையும் கல்லூரிகளே கொடுத்த கணக்குகள்தாம் என்பதால், அங்கே படிக்கும் இரண்டு மாணவர்களிடமும் விசாரித்துவிடுவது நல்லது.

கேள்வி: ஐவி லீக் என்பது அமெரிக்காவின் முதல் எட்டுப் பல்கலைக்கழகங்களின் பட்டியலா?
– வாசகி, கோவை

பதில்: இல்லை. அது ஒரு விளையாட்டுக் கூட்டமைப்பு. ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன் உள்ளிட்ட எட்டுப் பல்கலைக்கழகங்கள், விளையாட்டுத் திறனுக்காக உதவித்தொகை வழங்குவதில்லை என்ற கொள்கையோடு, தங்களுக்குள் எல்லா விளையாட்டுகளையும் நடத்திக்கொள்ள 1954இல் செய்த உடன்பாட்டில் பிறந்தது. கியூ.எஸ். பட்டியலில் பத்தாண்டுகளுக்கும் மேலாக முதலிடத்தில் இருக்கும் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் (எம்.ஐ.டி.), ஹார்வர்டிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தொலைவில்தான் இருக்கிறது; ஆனால் அது ஐவி லீக்கில் இல்லை.