பொது நிலத்துக்கு வேலி போட்ட 'என்க்ளோஷர்' என்பது உண்மையில் என்ன? இங்கிலாந்து வரலாற்றில் அதை ஏன் இவ்வளவு பெரிதாகப் பேசுகிறார்கள்?

"பணக்காரர்கள் ஊர்ப் பொது நிலத்தை வளைத்துப் போட்டுக்கொண்டார்கள், அதுதான் என்க்ளோஷர்." பலரும் இப்படித்தான் சொல்வார்கள். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். அதில் பாதிதான் சரி. நம் ஊரில் வளைத்துப் போடுவது என்றால் ராத்திரியோடு ராத்திரியாக எல்லைக் கல்லை நகர்த்துவது. அங்கே நடந்தது பட்டப்பகலில், சட்டம் போட்டு, நோட்டீஸ் ஒட்டி, சர்வேயரை வைத்து அளந்து, பதிவு செய்து நடந்த காரியம். முப்பத்தொரு வருஷம் நில அளவைத் துறையில் சங்கிலி இழுத்தவன் என்பதால் எனக்கு இதில் தனி அக்கறை உண்டு. கொஞ்சம் நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்தப் 'பொது' என்ற சொல். இங்கிலாந்தில் 'காமன்' என்று சொல்லும் நிலம் எல்லோருக்கும் சொந்தமானதோ அரசாங்கத்துக்குச் சொந்தமானதோ கிடையாது. அதற்கு உரிமையாளர் உண்டு, பெரும்பாலும் அந்த ஊர்ப் பிரபு. ஆனால் அவருடைய நிலத்தின் மேல் ஊர்க்காரர்களுக்குப் பாத்தியம், அதாவது பயன்படுத்தும் உரிமை, உண்டு. நம் கிரயப் பத்திரங்களில் 'மாமூல் வண்டித்தடம், நடைபாதை, கிணற்றுப் பாத்தியம் உள்பட' என்று எழுதுவார்களே, அதே மாதிரி. மண் ஒருவர் பேரில், பாத்தியம் இன்னொருவருக்கு. மாடு ஆடு மேய்க்க, விறகு பொறுக்க, அடுப்புக்கு எரிமண் வெட்ட, ஓக் மரத்துக் கொட்டை உதிரும் காலத்தில் பன்றிகளை ஓட்டிவிட, குளத்தில் மீன் பிடிக்க என்று ஒவ்வொன்றுக்கும் சட்டத்தில் தனித்தனிப் பெயரே இருந்தது. என்க்ளோஷர் என்றால் இந்தப் பாத்தியங்களை ரத்து செய்து, நிலத்தை ஒருவருடைய தனி அனுபவத்துக்கு மாற்றுவது. வேலி அதன் வெளி அடையாளம்தான்.

இன்னொரு வகைப் பொதுவும் இருந்தது. உழுத நிலத்திலேயே.

மகள் இங்கிலாந்தில் லெஸ்டர் நகரத்தில் இருக்கிறாள். போன தடவை போயிருந்தபோது ஒரு நாள் சாயங்காலம் ஊருக்கு வெளியே நடக்கப் போனோம். வெயில் தாழ்ந்திருந்தது. எதிரே புல்வெளி முழுக்க நீள நீளமாக மேடும் பள்ளமும், அலை அலையாக. "அப்பா, இது என்ன, பாத்தி கட்டின மாதிரி இருக்கு?" என்று கேட்டாள். அவள் கேட்டது சரிதான். பல நூறு வருஷத்துக்கு முந்தைய உழவு அது. ஊரைச் சுற்றி இரண்டு அல்லது மூன்று பெரிய வயல்கள் இருக்கும். ஒவ்வொன்றும் நூற்றுக்கணக்கான ஒடுக்கமான பட்டைகளாகப் பிரிந்திருக்கும். ஒரு குடியானவனுக்கு இங்கே ஒரு பட்டை, அங்கே ஒரு பட்டை என்று சிதறிக் கிடக்கும். நடுவில் வேலி கிடையாது. ஏர் ஒரே திசையில் மண்ணைப் புரட்டிப் புரட்டி நடுவில் மேடு விழுந்தது. பிற்பாடு உழவை விட்டுப் புல் விட்டதால் அந்த மேடு அப்படியே உறைந்துபோய் நிற்கிறது. உற்றுப் பார்த்தால் பட்டைகள் நேராக இல்லாமல் லேசாக வளைந்திருக்கும். எட்டு மாடு பூட்டிய ஏரைக் கோடியில் திருப்புவதற்கு முன்பே ஒதுக்கிக்கொண்டு வரவேண்டும், அதனால் வந்த வளைவு.

இதில் என்னைப் பிடித்து உட்கார வைத்தது ஏக்கர் கணக்கு. மாடு மூச்சு வாங்காமல் ஒரே இழுப்பில் உழும் தூரம் ஒரு ஃபர்லாங், அதாவது 660 அடி. அகலம் ஒரு சங்கிலி, 66 அடி. இரண்டையும் பெருக்கினால் ஒரு ஏக்கர், ஏறக்குறைய ஒரு நாள் உழவு. நாம் இன்றைக்கும் பிளாட் வாங்கும்போது பேசும் சென்ட் இருக்கிறதே, அது இந்தப் பட்டையில் நூற்றில் ஒரு பங்கு. நான் சர்வீஸில் சேர்ந்தபோது கையில் கொடுத்த 66 அடி, 100 லிங்க் சங்கிலியும் அங்கிருந்து வந்ததுதான்.

அறுவடை முடிந்ததும் பட்டைக்காரன் பேச்சுக்கே இடமில்லை. மொத்த வயலும் ஊர் மந்தைக்குத் திறந்துவிடப்படும். தாளைத் தின்று, சாணம் போட்டு, நிலத்தை உரமாக்கிவிட்டுப் போகும். நம் தெற்கத்திச் சீமையில் ஆட்டு மந்தை மேய்க்கும் கீதாரிகள் அறுத்த வயலில் கிடை போடுவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

இந்த ஏற்பாடு ஒரே நாளில் உடையவில்லை. தன் குடிகளுக்குப் போதுமான மேய்ச்சல் விட்டுவிட்டு மீதியைப் பிரபு அடைத்துக்கொள்ளலாம் என்று 1235-லேயே மெர்ட்டன் சட்டம் சொல்லிவிட்டது. 'போதுமான' என்பதை அளப்பது யார் என்பதுதான் சிக்கல். 1348-ல் வந்த கொள்ளைநோய் ஊர் ஊராகக் காலி செய்தபின் உழ ஆள் இல்லை, ஆனால் கம்பளிக்கு நல்ல விலை. ஆட்டுக்கு ஒரு இடையன் போதும். அப்புறம் ஜனத்தொகை ஏறியபோதும் ஆடுகள் இடத்தைக் காலி செய்யவில்லை. 1489-லிருந்தே ஊர்கள் அழிவதைத் தடுக்க அரசர்கள் சட்டம் போட்டுக்கொண்டேதான் இருந்தார்கள். பெரிதாகப் பலனில்லை.

1549-ல் நார்ஃபோக்கில் வெடித்தது. கூட்டம் ஒன்று ராபர்ட் கெட் என்பவர் போட்டிருந்த வேலியைப் பிடுங்க வந்தது. அவர் அவர்கள் சொன்னதைக் கேட்டுவிட்டு, நியாயம்தான் என்று தானும் சேர்ந்து தன் வேலியையே பிடுங்கினார். அதோடு நிற்காமல் தலைமையும் ஏற்றார். நார்விச் நகருக்கு வெளியே பொட்டலில் சுமார் 16,000 பேர் கூடினார்கள். அரசுப் படை வந்து நசுக்கியது. அந்த டிசம்பரிலேயே கெட்டை நார்விச் கோட்டைச் சுவரில் தொங்கவிட்டார்கள்.

ஆனால் பெரிய வேலை நடந்தது கலகக் காலத்தில் இல்லை. 1750-க்கு அப்புறம் நாடாளுமன்றமே முழு வேகத்தில் கையில் எடுத்துக்கொண்டது. ஊருக்கு ஒரு தனிச் சட்டம். 1604 முதல் 1914 வரை இப்படி 5,200-க்கு மேல் சட்டங்கள், சுமார் 68 லட்சம் ஏக்கர், இங்கிலாந்தின் மொத்தப் பரப்பில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல். பிரெஞ்சுக்காரர்களோடு யுத்தம் நடந்து தானிய விலை எகிறிய வருஷங்களில் மனுக்கள் குவிந்தன.

நடைமுறையைத்தான் நான் விரிவாகப் பார்ப்பேன், என் தொழில் அது. நிலக்காரர்கள் மனுப் போடுவார்கள். சம்மதம் வேண்டும், ஆனால் அது தலை எண்ணிக்கையில் இல்லை, நில மதிப்பில். முக்கால் பங்கு அல்லது ஐந்தில் நான்கு பங்கு மதிப்புள்ள நிலம் வைத்திருப்பவர்கள் சரி என்றால் போதும். அது இரண்டே பேராகவும் இருக்கலாம். 1774 முதல், ஆகஸ்ட் அல்லது செப்டம்பரில் மூன்று ஞாயிற்றுக்கிழமை சர்ச் கதவில் நோட்டீஸ் ஒட்ட வேண்டும் என்று விதி வந்தது. ஒட்டினார்கள். படிக்கத் தெரியாதவன் அதைப் பார்த்துக்கொண்டே உள்ளே போயிருப்பான். சட்டம் நிறைவேறியதும் நிலத்தைப் பிரித்துக் கொடுக்கும் கமிஷனர்கள் வருவார்கள், கூடவே சர்வேயர், குமாஸ்தா. உன் பாத்தியம் என்ன என்று இன்ன தேதிக்குள் எழுத்தில் கொடு. கொடுத்தால் பரிசீலனை. கடைசியில் ஒரு வரைபடமும் தீர்ப்பாவணமும். சிதறிக் கிடந்த பட்டைகளுக்குப் பதிலாக ஒரே இடத்தில் ஒரு துண்டு. நடுவில் 40 அடி அகலத்தில் ரூல் வைத்து இழுத்த மாதிரி நேர்ச் சாலை. இன்றைக்கும் நடு இங்கிலாந்தில், மிட்லண்ட்ஸ் பக்கம் காரில் போகும்போது சாலை திடீரென்று நேராகி, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி முள் வேலி வந்தால், ஒரு சர்வேயர் வந்து போன ஊர் என்று நானே சொல்லிவிடுவேன்.

ஆனால் துண்டு கிடைத்தால் மட்டும் போதாது. குறிப்பிட்ட காலத்துக்குள் அதைச் சுற்றி உன் செலவில் வேலி வைக்க வேண்டும். நம் கொங்கு நாட்டுக் கிளுவை வேலி மாதிரி ஒரு முள் செடியை நட்டு, கன்று பெரிதாகும்வரை மாடு கடிக்காமல் இருக்க மரச் சட்டமும் அடிக்க வேண்டும். சின்னத் துண்டுக்குத்தான் வேலிச் செலவு விகிதத்தில் அதிகம். எந்தச் சர்வேயரைக் கேட்டாலும் சொல்வார். அதோடு கமிஷனர் சம்பளம், வக்கீல் ஃபீஸ், எனக்கு மூத்த அந்தச் சர்வேயருக்குக் கூலி. மூன்று ஏக்கர்க்காரன் விற்றுவிட்டுப் போனான். விளைச்சலில் பத்தில் ஒரு பங்கைத் தசமபாக வரியாக வாங்கும் பாதிரியாருக்கு வரிக்குப் பதிலாக நல்ல துண்டாகக் கொடுத்தார்கள். பல ஊர்களில் அவருடைய வேலிச் செலவும் மற்றவர்கள் தலையில்.

பாத்தியத்தை எழுத்தில் நிரூபித்தவருக்கு ஏதோ கிடைத்தது. வாடகைக் குடிசையில் இருந்தவருடைய பாத்தியம் குடிசையின் சொந்தக்காரருக்குப் போனது. வழக்கத்தால் மட்டுமே ஒரு பசுவை ஓட்டி மேய்த்துக்கொண்டிருந்த கிழவிக்கு ஒன்றும் இல்லை. ஆர்தர் யங் என்று ஒரு விவசாய எழுத்தாளர், வேலியடைப்பை ஊர் ஊராகப் பிரசாரம் செய்தவர். அவரே 1801-ல் மனம் மாறி எழுதினார். ஏழை இப்படிச் சொல்லலாம், அது உண்மையும்கூட என்றார்: சொத்தின்மேல் நாடாளுமன்றத்துக்குக் கரிசனம் இருக்கலாம், எனக்குத் தெரிந்ததெல்லாம், என்னிடம் ஒரு பசு இருந்தது, நாடாளுமன்றச் சட்டம் ஒன்று அதைக் கொண்டுபோய்விட்டது.

இதைப் படித்தபோது எனக்குச் சிவகங்கைப் பக்கத்து ஊர் ஒன்று நினைவுக்கு வந்தது. மேய்க்கால் புறம்போக்கில் ஒரு பகுதியை வேறு உபயோகத்துக்கு மாற்றம் செய்ய அளக்கப் போயிருந்தேன். கொடி பிடித்துக்கொண்டிருந்தபோது ஒரு பாட்டி, பின்னால் நாலு ஆடு. "அளந்து முடிச்சா ஆடு எங்கய்யா மேயும்?" என்று கேட்டார். என்னிடம் இருந்த படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. மேலதிகாரியிடம் கேளுங்கள் பாட்டி என்று சொல்லிவிட்டு அடுத்த கல்லுக்குப் போனேன். ஆட்சேபணை எதுவும் வரவில்லை என்று எழுதித்தான் அந்த ஃபைல் மேலே போனது. எழுத்தில் எதுவும் வரவில்லைதானே.

தரிசு என்ற வார்த்தையையும் கவனியுங்கள். இங்கிலாந்தில் உழாத ஊர் நிலத்தை 'வேஸ்ட்' என்பார்கள். நம் கணக்கில் 'தீர்வை ஏற்பட்ட தரிசு', 'தீர்வை ஏற்படாத தரிசு' என்று எழுதுகிறோமே, கிழக்கிந்தியக் கும்பினிக் காலத்து ரெவின்யூக்காரர்கள் கொண்டுவந்த அதே 'வேஸ்ட்'தான். ஆடு மேய்ந்தாலும் விறகு கிடைத்தாலும் வரி கட்டாத நிலம் வீண். புறம்போக்கு என்பதே கடைசியில் வசவாகிப் போனது. 2011-ல் உச்ச நீதிமன்றம் பஞ்சாப் கிராமம் ஒன்றின் குளத்து வழக்கில், ஊர்ப் பொது நிலத்தை ஆக்கிரமித்தவர்களை வெளியேற்றத் திட்டம் போடச் சொல்லி எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. நம்முடைய கதை அந்த அளவில் நிற்கட்டும், கேள்வி அதுவல்ல.

எதிர்த் தரப்பையும் சொல்லாவிட்டால் நியாயமில்லை. சிதறிய பட்டைகளில் புதுப் பயிர் வைப்பது கஷ்டம். ஊர் மொத்தமும் ஒத்துக்கொண்டால்தான் தரிசு போடுவதை விட்டு டர்னிப், தீவனப்புல் என்று மாற முடியும். வேலி போட்டபின் குத்தகை பல இடங்களில் இரட்டிப்பானது. விளைச்சல் அதனால் எவ்வளவு கூடியது என்பதில் வரலாற்றாசிரியர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். ஆனால் 'பொது நிலம் என்றாலே ஆளாளுக்கு மாட்டை விட்டு அழித்துவிடுவார்கள்' என்று 1968-ல் கேரட் ஹார்டின் என்ற அமெரிக்க உயிரியல் அறிஞர் கிளப்பிய வாதத்தை இங்கே பொருத்துவது தப்பு. அந்த ஊர்களில் இத்தனை தலைதான் விடலாம் என்று கட்டுப்பாடு இருந்தது. குளிர்காலத்தில் உன் சொந்தத் தீவனத்தில் எத்தனை மாட்டைக் காப்பாற்றுவாயோ அத்தனையைத்தான் கோடையில் காமனில் விடலாம் என்பது பல இடத்தில் விதி. மீறினால் அபராதம். இந்த மாதிரி ஊர்க்கட்டுப்பாடுகளை உலகம் முழுக்க ஆராய்ந்துதான் எலினோர் ஆஸ்ட்ரம் என்ற அமெரிக்க ஆய்வாளர் 2009-ல் பொருளாதார நோபல் வாங்கினார்.

எனக்குப் பிடித்த கதை 1866-ல் லண்டனுக்கு வடமேற்கே பெர்க்கம்ஸ்டெட்டில் நடந்தது. பிரவுன்லோ பிரபுவின் தரப்பு காமனில் 400 ஏக்கருக்கு மேல் ஐந்தடி இரும்பு வேலி போட்டு அடைத்தது. அங்கே பாத்தியம் உள்ள அகஸ்டஸ் ஸ்மித் என்ற பணக்காரர் கோர்ட்டுக்கு ஓடவில்லை. லண்டனில் ரயில் பாதை போடும் கூலிகள் 120 பேரைத் திரட்டி, மார்ச் 6 நள்ளிரவுக்கு மேல் தனி ரயிலில் அனுப்பினார். கூட்டி வரவேண்டிய காண்டிராக்டர் குடித்துவிட்டு மட்டை. வக்கீலின் குமாஸ்தாதான் முன்னால் நடந்தார். விடிவதற்குள் அத்தனை வேலியும் கழன்று, கம்பிகள் ஒழுங்காக அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. காலையில் ஊரே கிளம்பிப்போய், நம்முடையதுதான் என்று அடையாளத்துக்கு ஆளுக்கு ஒரு கொத்துச் செடி ஒடித்துக்கொண்டு வந்ததாம். 1870-ல் கோர்ட்டும் ஸ்மித் பக்கமே தீர்ப்புச் சொன்னது. லண்டன்காரர்கள் இன்று நாய் கூட்டிக்கொண்டு நடக்கும் பல காமன்கள் அந்தக் காலத்துச் சண்டைகளால் தப்பியவைதான். இங்கிலாந்தில் இப்போது காமனாக மிஞ்சியிருப்பது நூற்றுக்கு மூன்று பங்கு அளவுக்குத்தான்.

வேலி போடாத பட்டை வயல் இன்னும் நடைமுறையில் இருக்கும் ஊர் நாட்டிங்ஹாம்ஷயரில் உள்ள லாக்ஸ்டன். மாப்பிள்ளை கூட்டிப்போனார். மூன்று பெரிய வயல், நடுவில் ஒரு வேலி கிடையாது. நவம்பர் கடைசியில் ஊர் ஜூரி பன்னிரண்டு பேர் வயலைச் சுற்றி வந்து, எவனாவது பொதுப் புல்தரையில் ஒரு சால் கூடுதலாக உழுதிருக்கிறானா என்று பார்த்து, முளை அடித்து, அபராதம் போடுகிறார்கள். நாங்கள் போனது கோடையில். ஓரத்தில் ஒரு முளை தெரிந்தது. கல் இல்லை, வெறும் மரக்குச்சி. குனிந்து அடுத்த முளையைத் தேடிக்கொண்டிருந்தேன். "அப்பா, இங்கயுமா அளக்கப் போறீங்க? மழை வருது, வாங்க" என்றாள் மகள்.